சுரங்கப்பாதை வந்த பிறகு மிஞ்சிய மலைச்சாலைகள்: அப்ருட்சோவில் சைக்கிள் பயணம்

இத்தாலியில் சைக்கிள் பயணம் என்றதும் பலர் தஸ்கனியைச் சொல்வார்கள். கால்பலம் உள்ளவர்கள் ஆல்ப்ஸைச் சொல்வார்கள். இரண்டும் அழகுதான். அழகு என்று ஊருக்கெல்லாம் தெரிந்துபோனதுதான் சிக்கல். வாடகைக் கார், கேரவன், மோட்டார்சைக்கிள் கூட்டம் என்று சாலை நிறைந்துவிடும். நானும் என் மச்சினனும் தேடியது, பின்னால் மிதித்து வருபவர் பேசுவது முன்னால் போகிறவர் காதில் விழக்கூடிய மலைச்சாலை. ஊருக்கு வெளியே சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று இத்தாலியில் சட்டமே இருக்கிறது, அதனால் பேச்சு வேண்டுமென்றால் சாலை அமைதியாக இருந்தே ஆகவேண்டும். ரோமிலிருந்து கிழக்கே, ரயிலில் சுமார் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய அப்ருட்சோவில் அப்படிப்பட்ட சாலை தாராளமாகக் கிடைத்தது. அப்பென்னைன் மலைத்தொடரின் உச்சியான 2,912 மீட்டர் கோர்னோ கிராந்தே நிற்கும் பகுதி அது.

அமைதியான சாலை அதிர்ஷ்டத்தில் கிடைப்பதில்லை. வண்டிகளெல்லாம் எந்தப் பக்கம் போய்விட்டன என்று பார்த்தால், அவை விட்டுப்போன பக்கம் தானாகத் தெரியும். லாக்குயிலாவிலிருந்து தேராமோவுக்குப் போகும் எஸ்எஸ் 80 சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையைத் தாண்ட ஒரு காலத்தில் அதுதான் முக்கிய வழி. 1984-இல் கிரான் சாஸ்ஸோ மலையைக் குடைந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதையைத் திறந்தார்கள். லாரி, பஸ், அவசரக்காரர்கள் எல்லோரும் ஏ24 சுங்கச்சாலையில் ஏறி அந்தச் சுரங்கத்துக்குள் புகுந்துவிட்டார்கள். (அதே சுரங்கத்தின் பக்கவாட்டில் அணுத்துகள் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது, தலைக்கு மேல் 1,400 மீட்டர் பாறையோடு. தேனி பொட்டிபுரத்தில் திட்டமிட்டார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்.) மேலே 1,300 மீட்டரில் கப்பன்னெல்லே கணவாய் சும்மா கிடக்கிறது. லாரிகளுக்காக அகலமாகப் போட்ட சாலை, மிதமான ஏற்றம், ஓட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. லாக்குயிலாவிலிருந்து அறுநூறு மீட்டர் உயரம் ஏறினால் போதும். அப்புறம் வொமானோ ஆற்றின் பக்கமாக மொந்தோரியோ வரை ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கிக்கொண்டே போகலாம். அந்த இறக்கத்தில் எங்களைக் கடந்து போனவை ஒரு ரொட்டி வேனும், பழைய ஃபியட் பாண்டா ஒன்றிரண்டும்தான்.

ஆனால் கிழமை பார்த்துப் போங்கள். அகலமான, வளைவு நிறைந்த, வண்டி இல்லாத சாலை என்றால் மோட்டார்சைக்கிள்காரர்களுக்கும் கொண்டாட்டம்தான். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் இந்த மாதிரிக் கணவாய்களில் எஞ்சின் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கும். செவ்வாய், புதன் என்றால் பிரச்சினை இல்லை. வார இறுதியில் கப்பன்னெல்லேயிலிருந்து பக்கத்துக் கம்போதோஸ்தோ ஏரிக்குத் திரும்பிவிடலாம். 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் நீர்த்தேக்கம் அது. கரையை ஒட்டிய சாலை பெரும்பாலும் சமதளம், முந்தின நாள் ஏறிய காலுக்கு ஓய்வாகவும் இருக்கும்.

இதே கணக்கை வேறு இடங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். வரைபடத்தில் பெரிய சாலை நேர்க்கோடாக மலைக்குள் மறைந்து மறுபக்கம் வெளியே வருகிறதா? அது சுரங்கம். அதற்குப் பக்கத்திலேயே புழு மாதிரி நெளிந்து ஒரு மெல்லிய கோடு போகும், அதுதான் உங்கள் சாலை. போர்டின் நிறத்தையும் பழகிக்கொள்ளுங்கள். பச்சை என்றால் சுங்கச்சாலை, சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. நீலம் மற்ற நெடுஞ்சாலைகளுக்கு. நீலத்திலும் ஒரு பொறி இருக்கிறது: நடுவில் தடுப்புச் சுவரோடு போகும் இருவழி விரைவுச்சாலைக்கும் நீல போர்டுதான், அதிலும் சைக்கிள் போகக்கூடாது. நுழையும் இடத்தில் வெள்ளைக் கார் படம் போட்ட நீலச் சதுரம் தெரிந்தால் திரும்பிவிட வேண்டியதுதான். கைபேசிச் செயலிகளை முழுசாக நம்பாதீர்கள். சைக்கிள் வழி என்று அவை காட்டுவது சிலசமயம் கல் நிறைந்த ஆட்டுப்பாதையாக இருக்கும். நாங்கள் இத்தாலியச் சுற்றுலா மன்றத்தின் 1:2,00,000 காகித வரைபடத்தையும் வைத்திருந்தோம். அந்த மன்றமே 1894-இல் மிலானில் 57 சைக்கிள்காரர்கள் சேர்ந்து தொடங்கியதுதான், அதனால் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

சாலைப் பெயரின் முன்னெழுத்தும் கொஞ்சம் சேதி சொல்லும். எஸ்எஸ் என்றால் தேசியச் சாலை. பாரவண்டிகளை மனதில் வைத்துப் போட்டது, கணவாய் ஏற்றம் பெரும்பாலும் 5 முதல் 7 சதவீதத்துக்குள் இருக்கும். எஸ்பி என்றால் மாவட்டச் சாலை. கோவேறுகழுதை போன தடத்தின் மேலேயே தார் ஊற்றியவை இதில் நிறைய உண்டு. ஊருக்குள் நுழையும் கடைசி அரைக் கிலோமீட்டர் 12, 15 சதவீதம் என்று எகிறும். இங்கே ஊர்களெல்லாம் குன்றின் உச்சியில்தான் இருக்கும் என்பதால் சாப்பாடும் படுக்கையும் எப்போதும் அந்தக் கடைசி அரைக் கிலோமீட்டருக்கு மேலேதான். மூட்டையோடு போகிறவர்கள் முன்னால் 30 பல், பின்னால் 36 பல் என்ற அளவிலாவது கியர் வைத்துக்கொள்ளுங்கள். மானம் பார்த்துப் பெரிய கியர் மாட்டினால் முட்டிதான் போகும்.

மாவட்டச் சாலைகளில் தாரும் மோசம். 2014-இல் வந்த சட்டம் ஒன்று மாவட்ட நிர்வாகங்களின் அதிகாரத்தைக் குறைத்தது, அதோடு கைக்காசும் சுருங்கியது, அது குழிகளில் தெரிகிறது. குழியைக்கூடக் கண்ணால் பார்த்து விலகிவிடலாம். சாலை நீளத்துக்கு ஓடும் வெடிப்பு, மண் நகர்ந்து தார் பிளந்தது, அதில்தான் மெல்லிய டயர் மாட்டிக்கொள்ளும். 28 மில்லிமீட்டர் டயரோடு வந்த ஜெர்மன்காரர் ஒருவர் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார், பாவம், மலையைப் பார்க்க அவருக்கு நேரமே இல்லை. எங்கள் டயர் 40. மண்சரிவால் சாலை மூடியிருக்கிறது என்று போர்டு வைத்திருந்தால் பக்கத்து ஊர் பாரில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இத்தாலியில் பார் என்பது முதலில் காபிக்கடை, ஊர் விஷயமெல்லாம் அங்கேதான் தெரியும். காருக்கு மட்டும்தான் தடையா, நடந்துகூடப் போக முடியாதா என்று அவர்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

சாலை காலியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஊர்களே காலி. பிளாரன்ஸ் நகரின் மேதிச்சி குடும்பம் ஆண்ட காலத்தில் கம்பளி வியாபாரத்தில் செழித்த சாந்தோ ஸ்தேபனோ தி செஸ்ஸானியோவில் இப்போது வசிப்பவர்கள் நூறு பேர் அளவில்தான். மற்றவர்கள் அமெரிக்கா, கனடா, பெல்ஜியம் என்று பிழைக்கப் போய்விட்டார்கள். 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத்தில் 262 பேர் இறந்தார்கள், அதில் 136 பேர் இத்தாலியர்கள், அவர்களில் அப்ருட்சோக்காரர்கள் நிறையப் பேர். பின்பு 2009 ஏப்ரல் 6 விடியற்காலையில் வந்த நிலநடுக்கம் லாக்குயிலாவிலும் சுற்றுவட்டாரத்திலும் 309 பேரைக் கொன்றது. சாந்தோ ஸ்தேபனோவின் வட்டக் கோபுரமும் அன்று இடிந்தது. இப்போது நிற்பது திரும்பக் கட்டியது. நாம் ரசிக்கும் அமைதிக்குப் பின்னால் இதெல்லாம் இருக்கிறது.

வெளியே போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆகஸ்டில் ஊருக்கு வருவார்கள். ஆகஸ்ட் 15 திருநாளை ஒட்டிய இரண்டு வாரமும் அறை கிடைக்காது, சாலையும் அமைதியாக இருக்காது. மே மாதத்தில் உயரமான இடங்களில் பனி மிச்சமிருக்கலாம், கம்போ இம்பெரத்தோரே என்ற மலைப் புல்வெளிக்குப் போகும் சாலை குளிர்காலம் முழுக்க மூடித்தான் இருக்கும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை அல்லது செப்டம்பர், இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். என்னைக் கேட்டால் செப்டம்பர்.

கம்போ இம்பெரத்தோரே என்பது மலைக்கு நடுவே 1,500 மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் புல்வெளி, நீளம் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர். மரம் ஒன்றுகூடக் கிடையாது. மேற்குக் கோடியில் 2,130 மீட்டரில் பழைய ஓட்டல் ஒன்று இருக்கிறது. 1943-இல் முசோலினியை அங்கேதான் சிறை வைத்திருந்தார்கள், செப்டம்பர் 12 அன்று ஜெர்மன் படையினர் கிளைடரில் வந்திறங்கி மீட்டுக்கொண்டு போனார்கள். 1999 ஜீரோ தி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தில் மார்கோ பந்தானி ஜெயித்த ஏற்றமும் அதுதான். நாங்கள் ஓட்டல் வரை போகவில்லை. அந்தக் கிளைச்சாலையில்தான் கார்கள் வரிசையாக ஏறுகின்றன. கிழக்குப் பக்கம் திரும்பினால் அகன்ற வானமும் காற்றும்தான். காலையிலேயே ஏறிவிடுங்கள். மதியத்துக்கு மேல் இடிமழை வந்தால் ஒதுங்க ஒரு கூரை இல்லை, மரமில்லாத வெளியில் உயரமாக நிற்பது நீங்களும் சைக்கிளும் மட்டும்தான்.

இங்கே ஆடுகள் உண்டு, ஆடு இருந்தால் நாய் உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் இந்த மலை ஆடுகளைக் குளிர்காலத்துக்குத் தெற்கே புல்யா சமவெளிக்கு ஓட்டிப்போனார்கள். லாக்குயிலாவிலிருந்து ஃபோஜ்ஜா வரையான அந்தத் தடத்தின் நீளம் 244 கிலோமீட்டர், அகலம் சில இடங்களில் நூறு மீட்டருக்கு மேல். நடந்தே ஓட்டிப்போவது இன்று அபூர்வம், கோடை மேய்ச்சல் மட்டும் நிற்கவில்லை. மாசிடோனியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்தவர்கள்தான் பெரும்பாலும் மேய்க்கிறார்கள். காவலுக்கு வெள்ளை நிற மரேம்மா நாய்கள். இங்கே ஓநாய் நிஜமாகவே இருப்பதால், கடித்தால் கழுத்தைக் காப்பாற்ற இரும்பு முள் வைத்த பட்டை சில நாய்களுக்குக் கட்டியிருப்பார்கள்.

சாலையின் இரண்டு பக்கமும் மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் வெள்ளைப் பாறை என்று நான் நினைத்த ஒன்று எழுந்து நின்று குரைத்தது. குரைத்த கையோடு இன்னும் மூன்று பாறைகள் எழுந்தன. "மாமா, மிதிச்சு ஓடிடலாமா?" என்றான் மச்சினன். அது மட்டும் கூடாது. ஓடுகிற எதையும் அது துரத்தும், ஏற்றத்தில் மணிக்கு எட்டு கிலோமீட்டரில் போகிற நாம் அதை ஜெயிக்கப்போவதில்லை. இறங்கினோம். சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவே நிறுத்திக்கொண்டு, அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், சாதாரணக் குரலில் எதையாவது பேசிக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். என் மச்சினன் பதற்றத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தான். ஒரு நாய் மூன்றடி தூரத்தில் கூடவே வந்தது, முன்பல்லும் பட்டையின் முள்ளும் தெளிவாகத் தெரிந்தன. நாங்கள் மந்தைக்குள் புகப்போவதில்லை என்று தெரிந்ததும் குரைப்பு குறைந்தது. மேட்டிலிருந்து மேய்ப்பர் ஒரு விசில் அடித்தார், அது திரும்பிப் போய்ப் படுத்துவிட்டது. கல்லெடுக்காதீர்கள், குச்சி ஓங்காதீர்கள். மந்தை சாலையை அடைத்து நின்றால் நடுவே போகாமல், கடந்து முடியும்வரை நில்லுங்கள். பத்து நிமிஷம் போனால் என்ன?

புல்வெளியின் கிழக்குப் பக்கத்தில் இறைச்சிக்கடையோடு சேர்ந்த சாப்பாட்டு இடம் இருக்கிறது. அரோஸ்திச்சினி என்பது ஆட்டுக்கறியைச் சிறு சிறு சதுரமாக நறுக்கிக் குச்சியில் குத்தியது. எத்தனை குச்சி என்று சொல்லிப் பச்சையாக வாங்கிக்கொண்டு, வெளியே வாய்க்கால் மாதிரி குறுகலாக இருக்கும் கரியடுப்பில் நாமே சுட்டுக்கொள்ள வேண்டும். குச்சிகளைக் கொத்தாகப் பிடித்துத் திருப்புவதற்குப் பக்கத்திலிருந்த பெரியவர் சொல்லிக்கொடுத்தார். கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பும்போது விலக்கி, அடங்கியதும் திரும்ப வைக்க வேண்டும். உப்பைத் தவிர வேறு எதுவும் கிடையாது. மிளகாய்ப்பொடி கையில் இருந்தும் நான் போடவில்லை, தேவைப்படவும் இல்லை. சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், சாந்தோ ஸ்தேபனோவின் குட்டிப் பருப்பில் செய்த சூப்பும், கொண்டைக்கடலை போட்ட பாஸ்தாவும், சுட்ட ஸ்கமோர்த்சா சீஸும் இந்தப் பக்கமெல்லாம் கிடைக்கும். சூப்பில் பன்றிக்கறித் துண்டு போட்டிருக்கிறார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு நேரம்தான் இந்த நாட்டில் சைக்கிள்காரருக்குப் பெரிய சோதனை. மளிகைக்கடை மதியம் ஒரு மணிக்கு மூடினால் நாலரை, ஐந்துக்குத்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் அதுவும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டு அடுப்பு ஏழரைக்கு முன் பற்றாது. பசி நமக்கு வருவது சரியாக மூன்று மணிக்கு. காலை முதல் ஊரிலேயே ரொட்டியும் சீஸும் தக்காளியும் வாங்கிப் பையில் போட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டோம். கடையில் கேட்டால் ரொட்டியை அறுத்து, சீஸை எடைபோட்டு, அங்கேயே வைத்துக் கொடுப்பார்கள். தண்ணீருக்கு ஊர்ச் சதுக்கத்தில் குழாயோ கல்தொட்டியோ இருக்கும். 'அக்குவா நோன் பொதாபிலே' என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாது. ஊர் விட்டால் அடுத்த ஊர் வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது, புல்வெளிக்கு ஏறும் நாளில் ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்தோம்.

கஸ்தேல் தெல் மோந்தேயிலிருந்து ஒஃபேனாவுக்கு இறங்குவது இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த துண்டு. 1,300 மீட்டரில் ஜாக்கெட்டோடு கிளம்பி எண்ணூறு மீட்டர் உயரம் இறங்கினால் ஒஃபேனா. அப்ருட்சோவின் அடுப்பு என்று அதற்குப் பட்டப்பெயர். மலை சூழ்ந்த கிண்ணத்தில் சூடு தேங்கி நிற்கும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு துணியைக் கழற்றினோம். நவெல்லி வழியாகப் போகும் எஸ்எஸ் 17 குறுக்குவழிதான், ஆனால் அதில் லாரி போகும். ஒஃபேனா, கபெஸ்திரானோ என்று சுற்றிப் போபொலி வந்து, அங்கிருந்து சமதளமாகச் சுல்மோனா போய்விடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சூடு ஏறிப் பிடிமானம் போய்விடும். உதிரிப் பிரேக் பேட் ஒரு ஜோடி கட்டாயம். மலை ஊர்களில் சைக்கிள் கடை கிடையாது.

தங்குமிடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதைவிட வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள், உடனே பதில் வரும். தேசியப் பூங்காவுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கத் தடை. வீட்டு அறையாக இருந்தாலும் பாஸ்போர்ட் கேட்பார்கள், விருந்தினர் விவரத்தைப் போலீசுக்கு அனுப்புவது அவர்கள் கடமை, அதனால் சங்கடப்பட வேண்டாம். எங்களுக்கு அறை கொடுத்த பாட்டியம்மா பாஸ்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் சைக்கிளைப் பார்த்தார். தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று நிலவறைக்குக் கூட்டிப்போய், ஒயின் ஜாடிகளுக்கும் தொங்கும் வெங்காயச் சரத்துக்கும் நடுவே சாத்தி வைக்கச் சொன்னார். காலையில் ஜன்னல் வழியாக மலையை ஒருமுறை பார்த்துவிட்டு, பன்னிரண்டுக்குள் கணவாய் தாண்டிவிடுங்கள் என்றார். கைபேசி வெயில் என்றுதான் காட்டியது. ஒன்றரைக்கு ஆலங்கட்டி கொட்டியபோது நாங்கள் மறுபக்கம் காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

சுல்மோனாவிலிருந்து தெற்கே அன்வெர்சா தாண்டியதும் சஜித்தாரியோ பள்ளத்தாக்கு. சாலையைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள்; குறுகல், இடையிடையே சிறு குடைவுகள். இங்கே முன்விளக்கும் பின்விளக்கும் வேண்டும். சூரியன் மறைந்து அரைமணிக்கு மேல் ஊருக்கு வெளியே ஓட்டினாலும், பகலிலேயே குடைவுப் பாதைக்குள் நுழைந்தாலும், ஒளிரும் மேலங்கி போட வேண்டும் என்பது சட்டம். ஹெல்மெட் கட்டாயமில்லை, நாங்கள் போட்டுக்கொண்டோம். ஸ்கான்னோ வரை கொஞ்சம் சுற்றுலா வண்டி இருக்கும். அதைத் தாண்டிக் கோதி கணவாய் ஏறும் வழியில் திரும்பவும் யாரும் இல்லை. மறுபக்கம் வில்லெத்தா பர்ரேயாவில் சாயங்காலம் மான்கள் தெருவில் நடந்து போகின்றன. ஒரு கலைமான் யாரோ வீட்டு ரோஜாச் செடியை மேய்ந்துகொண்டிருந்தது, வீட்டுக்காரர் மாடியிலிருந்து திட்டிக்கொண்டிருந்தார். கரடியும் உண்டு, இந்தப் பகுதிக்கே உரிய இனம், மொத்தமே ஐம்பது அறுபதுதான் மிச்சம். நாங்கள் பார்த்தது போர்டில் வரைந்த கரடியை மட்டும்.

திரும்புவதற்கு ரயில்தான் சுலபம். சைக்கிள் படம் போட்ட வட்டார ரயில்களில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம். அதற்குத் தனி டிக்கெட் வேண்டுமா என்று நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதிவேக ரயில்களில் கழற்றிப் பையில் கட்டினால்தான் விடுவார்கள். தண்டவாளப் பராமரிப்பு நடக்கும் நாட்களில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அதில் சைக்கிளுக்கு இடம் எதிர்பார்க்காதீர்கள், அதனால் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். சுல்மோனாவில் ரயில் வருவதற்கு முன்பே மூட்டைகளைக் கழற்றி ஒரே கட்டாகக் கட்டி வையுங்கள். சைக்கிள் பெட்டி பெரும்பாலும் முதலிலோ கடைசியிலோ இருக்கும், எந்தப் பக்கம் என்பது ரயில் நின்ற பிறகுதான் தெரியும், ஓட வேண்டியிருக்கும்.